நோய்க்குப் படிவம் இல்லை

பலெர்மோவில் அந்த நாட்களில் எத்தனை தமிழர் இருந்தார்கள் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பேரவைக்கு எத்தனை நிர்வாகிகள் இருந்தார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். அவர்களுடைய பெயர்களும் பதவிகளும் பேரவைக் கடிதத்தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை அச்சிடப்பட்டிருந்தன. கடிதம் எழுதுவதற்கு வலது பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

முழுப்பெயர் ஐக்கிய பலெர்மோ தமிழர் கல்வி, கலை, கலாசார மேம்பாட்டுப் பேரவை. 'ஐக்கிய' என்ற சொல் பேரவை இரண்டாக உடைந்த பிறகு சேர்க்கப்பட்டது. உடைந்துபோன மற்றப் பாதியும் தன்னை ஐக்கிய என்றே அழைத்துக்கொண்டது. கிழமை நாட்களில் இவர்கள் எல்லாரும் சிஞ்ஞோராக்கள் என்கிற இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் தரை துடைத்து, சட்டை மினுக்கி, கிழவர்களைக் குளிப்பாட்டி, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையிலாவது 'மதிப்புக்குரிய' என்று யாராவது அழைத்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தார்கள். அந்த ஆசையில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அது எங்கே போய் நின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எமிலியானுஸ் இதில் எதிலும் தலைபோடாத மனிதர். மன்னார்க்காரர். பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. வீட்டைத் துடைத்து, சமைத்து, அவருடைய கண் தெரியாத நாயை நடக்கக் கூட்டிப்போவார். மனைவி செலஸ்ரீனா கால்சாவில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். வயிற்றில் வருத்தம் வந்த பிறகு ஒரேத்தோவில் தங்கள் இரண்டு அறை வீட்டில் கட்டிலோடு கிடந்தாள். ஒரே பிள்ளை டெனிஸ்டன் ஷாங்காயில் படித்துக்கொண்டிருந்தான்.

இத்தாலிக்கு வரும்போது அவனைச் செலஸ்ரீனாவின் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தார்கள். பேப்பர் சரிவந்தவுடன் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார்கள். பேப்பர் சரிவருவதற்குள் பையன் ஏ.எல். சோதினை எழுதி, சீன அரசின் புலமைப்பரிசில் கிடைத்து, கட்டடப் பொறியியல் படிக்கப் போய்விட்டான். மகன் சீனாவில் என்று எமிலியானுஸ் சொன்னபோது சிஞ்ஞோரா சந்தோஷப்பட்டார். "அப்போ உங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டானா?" என்று கேட்டார்.

செலஸ்ரீனாவுக்குப் பலெர்மோவைவிட ஷாங்காயை நன்றாகத் தெரியும். அங்கே மாரிக்கு அறையில் ஹீட்டர் கிடையாது, பிள்ளை கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் படிக்கிறான். சுடுதண்ணீருக்குப் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கொதிகலன் கொட்டிலுக்குப் போக வேண்டும். கன்டீனில் பன்றி போடாத கறி எது என்று கேட்கப் பழகிவிட்டான், ஆனால் பன்றிதான் ருசி என்று எழுதியிருந்தான். அறையில் கூட இருப்பவன் தான்சானியாப் பெடியன், அவனும் கத்தோலிக்கன். சைக்கிள் இரண்டு தடவை களவு போயிற்று. இதையெல்லாம் அவள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும்போது தானே அங்கே போய் வந்தவள் மாதிரிச் சொல்லுவாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவன் தொலைபேசி அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, வீட்டுக்கு எடுப்பான். கையிலிருக்கும் காசுக்குத் தக்கபடி ஒரு சில நிமிடம். இங்கிருந்து எடுப்பது சரிவரவில்லை. வெளிநாட்டு மாணவர் விடுதிக்கு இருந்தது ஒரே ஒரு போன், அது வாசலில் காவலிருக்கும் சீன அம்மாவின் கையில். எமிலியானுஸ் "டெனிஸ்டன், டெனிஸ்டன்" என்று கத்துவார். அந்த அம்மாவும் பதிலுக்கு எதையோ கத்துவார். கொஞ்ச நேரம் இப்படிக் கதைத்த பிறகு அவர் வைத்துவிடுவார்.

கார்த்திகை மாதம் டொக்டர் எமிலியானுஸைத் தனியே கூப்பிட்டு, பிள்ளை இருந்தால் வரச்சொல்லுங்கள், நத்தார்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். செலஸ்ரீனாவிடம் இதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. சோதினை முடியட்டும், பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவள் ஒருநாள் தானாகவே இறங்கி வந்தாள்.

"சரி. வாற ஞாயிறு எடுப்பான்தானே. நானே சொல்லுறன். நீங்கள் சொன்னால் அழுது கெடுத்துப்போடுவியள்."

அந்தக் கிழமைதான் பேரவைத் தலைவர் விக்னராஜாவும் செயலாளர் குணரத்தினமும் ஒரு பெட்டி கேக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். குணரத்தினத்துக்கு இத்தாலியன் தண்ணி பட்ட பாடு. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அதனால் அவர் சொல்வதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

"எமிலியானுஸ் அண்ணை, சீனாவிலை படிக்கிற முதல் பலெர்மோத் தமிழன் உங்கட மகன். அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறதாத் தீர்மானம்," என்றார் குணரத்தினம்.

"அவன் பலெர்மோவுக்கு வந்ததே இல்லையே," என்றார் எமிலியானுஸ்.

"அதுதான் விசேஷம்," என்றார் விக்னராஜா. "இஞ்சை வராமலே எங்களுக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்."

ஆள் இல்லாமல் எப்படிப் பாராட்டுவது என்பதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் மண்டபத்தில் விழா. தம்பி வழமையாக எடுக்கும் அழைப்பை வீட்டுக்கு எடுக்காமல் மண்டபத்து நம்பருக்கு எடுக்கட்டும். ரிசீவரை ஒலிவாங்கியில் பிடித்தால் சபை முழுக்கக் கேட்கும். பேரவையின் ஃபாக்ஸில் விடுதிக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பைக் குணரத்தினம் ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தார். தங்களைக் கேட்காமலேயா என்று எமிலியானுஸ் கேட்கவில்லை. அவருடைய பெர்மெஸ்ஸோ தை மாதம் முடிகிறது.

அவர்கள் போன பிறகு செலஸ்ரீனா சுவரைப் பார்த்துக்கொண்டு கனநேரம் கிடந்தாள். படி இறங்க அவளால் முடியாது.

"போகட்டும். ஊர் ஒருக்காப் பெருமைப்படட்டும். நீங்கள் சொல்லுங்கோ. 'அம்மாவுக்குச் சுகமில்லை, வா' எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

விழாவுக்கு நிகழ்ச்சிநிரல் அச்சடித்திருந்தார்கள். மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். 'பெற்றோர் உரை' நன்றியுரைக்கு மேலே, கடைசிக்கு முதல் இருந்தது. மௌன அஞ்சலி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாக் கூட்டத்திலும் இருப்பதால் இதிலும் இருந்தது. எமிலியானுஸ் மேடையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, 'அம்மாவுக்குச் சுகமில்லை, வா' என்பதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையுரையின் நடுவில் போன் அடித்தது. விக்னராஜா ஒலிவாங்கியை விடவில்லை. ரிசீவரையும் தானே எடுத்தார்.

"மதிப்புக்குரிய சீன மண்ணிலே தவமிருந்து கல்வி பயிலும் செல்வன் டெனிஸ்டன் அவர்களே. வணக்கம். நான் பேரவையின் தலைவர் பேசுகிறேன். பதின்மூன்று வருடமாக நான் இந்த நகரத்திலே ஒரு கட்டடத்தின் வாசலைத் திறந்து மூடுகிறேன். என் பெயர் அந்தக் கட்டடத்தில் ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கு என் குரல் சீனாவிலே கேட்கிறது. இது யாருடைய சாதனை? இது பேரவையின் சாதனை."

கைதட்டினார்கள். அது அவர் எழுதிக்கொண்டு வராத பகுதி. தொடர்ந்து எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். பிறகு உபதலைவர் ஸ்ரனிஸ்லாஸ் வாங்கி, அங்கே காலநிலை எப்படி என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பலெர்மோவின் காலநிலையைச் சொன்னார். போஷகர் ஒருவர் நெடுஞ்சுவர் பற்றிய சொந்தக் கவிதையொன்றை வாசித்தார். ஒலிபெருக்கி ஊளையிட்டது. இடையில் ஒரு மெல்லிய குரல் மண்டபமெல்லாம் கேட்டது.

"அம்மா நிக்கிறாவோ? அம்மாட்டைக் குடுங்கோ."

"இந்தத் தாய்ப்பாசத்துக்கு ஒரு பலத்த கைதட்டல்," என்றார் விக்னராஜா. கைதட்டல் நல்லாகவே பலத்தது. பையன் அதற்குப் பிறகு சொன்னது ஒன்றும் கேட்கவில்லை.

ரிசீவர் கடைசியில் எமிலியானுஸின் கைக்கு வந்தது. குணரத்தினம் குனிந்து ஒலிவாங்கியை அவருடைய வாய்க்கு நேரே பிடித்தார். எமிலியானுஸ் சபையைப் பார்த்தார். சீலை உடுத்துத் தலைக்குப் பூ வைத்து வந்திருந்த பெண்கள், முன்வரிசையில் பிள்ளைகள், வீடியோப் பிடிக்கிறவர் எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேருக்கு நடுவில் தன் மனைவி சாகப்போகிறாள் என்பதை எப்படிச் சொல்வது?

"சாப்பிட்டியோ, தம்பி?" என்றார்.

"ஓம் அப்பா. அப்பா, அம்மா ஏன்..."

தொடர்பு அறுந்தது. பையனுடைய காசு முடிந்துவிட்டது. "ஒரே ஒரு கேள்வியிலே தமிழ்ப் பண்பாடு முழுவதையும் சொல்லிவிட்டார் தந்தை," என்றார் விக்னராஜா. எமிலியானுஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மேடையிலேயே அவரை நிர்வாகசபை உறுப்பினராக அறிவித்தார்கள், கடிதத்தாளில் இன்னும் ஒரு பெயருக்கு இடமிருந்தது.

வீட்டுக்கு வந்து பொன்னாடையைக் கதவுக்குப் பின்னால் போட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தார். செலஸ்ரீனா அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லேல்லை என்ன?"

"சொல்லேலாமப் போச்சு."

"சரி விடுங்கோ," என்றாள். அவர்தான் அழுதார்.

அடுத்த முதல் ஞாயிறுவரை அவள் இருப்பாளோ தெரியாது. கடிதம் போய்ச்சேர அதைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். போய்ச்சேர்ந்தாலும் படிப்பின் நடுவில் பையனை விடமாட்டார்கள். அங்கே சிவப்பு முத்திரை குத்திய தாள் இல்லாமல் ஒன்றும் அசையாது என்று அவனே முந்தி எழுதியிருந்தான். முத்திரையும் ஃபாக்ஸ் மெசினும் பலெர்மோத் தமிழரில் பேரவைக்கு மட்டும்தான் இருந்தன. மெசின் குணரத்தினத்தின் வீட்டில், பூப்போட்ட துணியால் மூடப்பட்டு, மாதா படத்துக்குக் கீழே இருந்தது. எமிலியானுஸ் நிர்வாகசபைக் கூட்டத்துக்குப் போய் எழும்பி நின்றார். மகனுடைய பல்கலைக்கழகத்துக்கு, தாய் கடும் வருத்தம், அனுப்பிவைக்கவும் என்று ஒரு வரி பேரவை எழுதித்தர வேண்டும் என்று கேட்டார். அவர் எதையும் கேட்டு எழும்பியது அதுதான் முதல் தடவை.

சபை அனுதாபத்தோடு கேட்டது. பிறகு இது கல்விக் குழுவுக்கு உரிய விஷயமா, கலாசாரக் குழுவுக்கு உரிய விஷயமா என்று ஆராய்ந்தது. படிக்கிறவர் மகன் என்பதால் கல்வி என்றார் ஒருவர். வருத்தக்காரி தாய் என்பதால் கலாசாரம் என்றார் மற்றவர். செலஸ்ரீனாவுக்கு மருந்து கொடுக்கிற நேரம் வந்தது. எமிலியானுஸ் கும்பிட்டுவிட்டு வெளிக்கிட்டார். "நீங்கள் போங்கோ அண்ணை, நாங்கள் பாக்கிறம்," என்றார் குணரத்தினம். அவர் மனம் வைத்துத்தான் சொன்னார்.

உண்மையாகவே பார்த்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. பேரவைக்கு வெளிநாட்டுத் தொடர்புக்கென்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அங்கீகரித்த படிவங்கள் இரண்டே இரண்டுதான்: ஒன்று பாராட்டு, மற்றது கண்ணீர் அஞ்சலி. நோய்க்குப் படிவம் இல்லை. புதிதாக ஒன்று எழுதுவதானால் பொதுச்சபை கூட வேண்டும், பொதுச்சபை பங்குனியில்.

"பாராட்டு அனுப்பேலாது," என்றார் ஸ்ரனிஸ்லாஸ், நன்றாக யோசித்துவிட்டு.

"மற்றதை அனுப்பினால் பெடியன் பறந்து வருவான்," என்றார் விக்னராஜா. "வந்து பாக்கேக்கை தாய் உயிரோடை இருந்தால் அவருக்கு இரட்டிப்புச் சந்தோசம்தானே. அதோடை போனமுறை மற்ற ஐக்கியக்காரர் எங்களை முந்தி அஞ்சலி வெளியிட்டவங்கள். இந்தமுறை நாங்கள் முந்தி."

மனச்சாட்சிக்குப் பயந்தவர் குணரத்தினம். அடியில் தன் பேனையால், 'தாயார் இன்னும் காலமாகவில்லை, விரைந்து வரவும்' என்று குறிப்பு எழுதினார். அவருடைய பேனை வெளிர்நீலம். வெளிர்நீலம் ஃபாக்ஸில் விழாது என்பதை அவர் பிறகுதான் அறிந்தார். காலமான திகதி என்ற இடத்தை வெறுமையாக விடுவது ஒழுங்கில்லை என்று கூட்டத் திகதியைப் போட்டார்கள். கீழே சிவப்பு முத்திரை.

மூன்றாம் நாள் காலை ஒரேத்தோவில் போன் அடித்தது. எமிலியானுஸ் குசினியில் மல்லித்தண்ணி அவித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த போனைச் செலஸ்ரீனா எட்டி எடுத்தாள்.

"அப்பா," என்றது குரல். அழுது அழுது அடைத்துப்போன குரல். "அப்பா, அம்மாவை அடக்கம் செய்திட்டியளோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, அப்பா."

செலஸ்ரீனா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். மகனுடைய குரலைக் கேட்டு இரண்டு மாதமாகியிருந்தது.

"தம்பி," என்றாள். "நான்தான். இன்னும் இல்லையடா ராசா."

அங்கே ஏதோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. எமிலியானுஸ் ஓடி வந்து ரிசீவரோடு காதை வைத்தார். பையன் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். பேரவைக் கடிதம் வந்ததாம். முதலில் நம்பவில்லையாம், ஆனால் அனுதாபம் தெரிவிப்போர் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்ததாம். பெற்ற தகப்பனே மகனுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தால் நம்பாமல் என்ன செய்வது? வெளிநாட்டு மாணவர் ஆபீஸ் முத்திரையைப் பார்த்தவுடன் இரண்டு கிழமை மரண லீவு கொடுத்து, அங்கிருந்தே போன் எடுக்கவும் விட்டிருக்கிறதாம். இனி அவர்களிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"சொன்னால்?" என்று கேட்டாள் செலஸ்ரீனா.

"வருத்தத்துக்கு லீவு இல்லை அம்மா. செத்தவீட்டுக்குத்தான். நான் இப்ப என்னெண்டு சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதை. நான் செத்திட்டன் எண்டே இருக்கட்டும். நீ வா."

அவன் வந்தான். அதே தாளைக் காட்டி இத்தாலிய விசாவும் எடுத்துக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை, மீசை வைத்த வளர்ந்த ஆளாக வாசலில் நின்றான். செலஸ்ரீனா அவனை வரச்சொல்லி, கையைப் பிடித்து, நகங்களைப் பார்த்தாள். "இன்னும் கடிக்கிறாய்," என்றாள். அந்த நாட்களில் அவளுக்குத் தெம்பு வந்தது. எழும்பி இருந்து கஞ்சி குடித்தாள். கொதிகலன் கொட்டிலைப் பற்றியும் தான்சானியாப் பெடியனைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்டாள். சீனத்தில் ஏதாவது எழுதிக் காட்டச் சொல்லி, அவன் எழுதும்போது கையைத்தான் பார்த்தாள். விக்னராஜாவும் குணரத்தினமும் வந்து, பேரவையின் துரித நடவடிக்கை கைகூடியதைத் தங்கள் கண்ணாலேயே கண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். டெனிஸ்டன் அவர்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. தாய் ஏசவிடவில்லை.

லீவு முடிந்தது. மரண லீவு முடிந்தபோது செத்தவள் உயிரோடு இருந்தாள். போகாவிட்டால் புலமைப்பரிசில் போய்விடும், விசாவும் முடிகிறது. அவன் நிற்கிறேன் என்றான். எமிலியானுஸும் நிற்கட்டும் என்றார். செலஸ்ரீனா இரண்டு பேரையும் ஏசினாள்.

"படிப்பை விட்டிட்டு என்ரை கட்டிலைக் காக்கப் போறியோ? நான் நல்லாத்தானே இருக்கிறன். போ. கோடை லீவுக்கு வா."

நம்புவதற்கு அவர்கள் இரண்டு பேருக்கும் ஆசையாக இருந்தது. அவன் விமானம் ஏறி ஒன்பதாம் நாள் செலஸ்ரீனா வைத்தியசாலையில் செத்துப்போனாள்.

அன்று தாயின் சுகம் கேட்கப் போன் எடுத்த டெனிஸ்டன், செய்தி கேட்டதும் ஷாங்காயில் ஆபீசுக்கு ஓடினான். அங்கே இருந்த அதிகாரி அம்மா மரியாதையாகக் கதிரை காட்டி, அவனுடைய கோப்பை எடுத்துத் திறந்து, பேரவையின் தாளைக் காட்டினார். உன்னுடைய தாயார் போன மாதமே காலமாகிவிட்டார், நாங்கள் அப்போதே எங்கள் அனுதாபத்தைத் தெரிவித்துவிட்டோம் என்றார். புதிதாக ஏதாவது நடந்திருந்தால் அதே நிறுவனத்திடமிருந்து முத்திரையோடு கடிதம் வர வேண்டுமாம் என்று அவன் திரும்ப எடுத்துத் தகப்பனுக்குச் சொன்னான்.

பிரேதத்தை வைத்தியசாலை அறையில் விட்டுவிட்டு எமிலியானுஸ் பேரவைக்குப் போனார். அவசரக் கூட்டம் கூடினார்கள். முதலில் எழும்பி நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு குணரத்தினம் பேரவை யாப்பு விதிகளைப் புரட்டினார்.

"ஒருவருக்கு ஒரு அஞ்சலிதான் அண்ணை. இரண்டாவது வெளியிட்டால் முதலாவது பொய்யெண்டு ஆகும். பேரவை பொய் சொன்னதெண்டு சீன அரசாங்கத்துக்கு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ?"

"அவள் இண்டைக்குத்தான் செத்தவள்," என்றார் எமிலியானுஸ்.

"எங்களுக்குத் தெரியும். ஆர் இல்லையெண்டது?" என்றார் விக்னராஜா. அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. "வேணுமெண்டால் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் படிவம் இருக்கு. அதை முற்கூட்டியே போடலாம்."

எமிலியானுஸ் எழும்பி வந்துவிட்டார். சிஞ்ஞோரா ஒரு நாள் லீவு கொடுத்தார். அடக்கத்துக்குப் பேரவை ஆளுயர மலர்வளையம் கொண்டுவந்தது, ரிப்பனில் பேரவையின் முழுப்பெயரும் எழுத இடம் காணாமல் 'ஐக்கிய பலெர்மோ' வரை எழுதியிருந்தார்கள். சவப்பெட்டியை இறக்கும்போது மகன் பிடிக்க வேண்டிய இடத்தில் கேசவென் என்ற மொரிஷியஸ்காரன் பிடித்தான். அவன் செலஸ்ரீனாவோடு கால்சாவில் வேலை செய்தவன்.

அன்று பின்னேரம் போன் அடித்தது.

"முடிஞ்சுதோ, அப்பா?"

"முடிஞ்சுது. நல்ல சனம்."

"கடிதம்?"

"தரமாட்டினமாம்."

தொலைபேசி அலுவலகத்துச் சத்தம், சீனத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது, அவனுடைய மூச்சு, எல்லாம் கேட்டன.

"எனக்கு இஞ்சை அழேலாமல் கிடக்கு, அப்பா. வகுப்பிலை எல்லாரும் போன மாசமே வந்து துக்கம் விசாரிச்சிட்டினம். காசு சேர்த்துத் தந்தவை. அறையிலை இருக்கிறவன் எனக்காண்டிப் பூசைக்கும் போனவன். இப்ப நான் அழுதால் ஆர் செத்ததெண்டு கேப்பினம். நான் என்னத்தைச் சொல்ல?"

எமிலியானுஸ் செலஸ்ரீனாவின் கட்டிலில் இருந்தார். விரிப்பை இன்னும் மாற்றவில்லை.

"இதிலை அழு, தம்பி," என்றார். "நான் வைக்கமாட்டன்."

காசு முடியும்வரைக்கும் அவன் அழுதான். அவர் வைக்கவில்லை.